சாமை அறுக்க வந்த பிள்ளைகள்

ஏற்காட்டு மலையில் வாழவந்தி ஊரைத் தாண்டி, பஸ் திரும்புகிற இடத்திலிருந்து மண்பாதையில் கொஞ்சம் இறங்கினால் வேடியப்பனின் நிலம் வரும். மேல்பக்கம் காப்பிச் செடிகளும், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளும். நடுவில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற சரிவு. அதற்குக் கீழே பாறையும் புல்லுமாக ஒரு சமதரை. அங்கே ஏர் ஓட்ட முடியாது. அந்தச் சமதரையில்தான் புவனா ஒவ்வொரு மே மாதமும் குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்தினாள்.

புவனா வெளியூர்க்காரி இல்லை. செம்மநத்தம் பக்கம் ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா, அம்மா இருவரும் காப்பி பறித்துப் பிழைத்தவர்கள். சேலத்தில் உடற்கல்வி படித்து அங்கேயே ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தாள். கோடை விடுமுறை முடிந்து வருகிற பிள்ளைகளிடம் லீவில் என்ன செய்தீர்கள் என்று கேட்பாள். பாதிப் பேருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. "போன் பாத்தேன் மிஸ்" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சில வருடங்கள் இதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மலைக்கே திரும்பிவிட்டாள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் வேன் ஓட்டுகிற அவள் கணவன் கோபி, "சரி, கூடாரம் தைக்க யார்கிட்டச் சொல்றது?" என்று மட்டும்தான் கேட்டான்.

வேடியப்பன் சமதரையைக் கொடுத்தார். அவர் மனைவி அருக்காணி சமையலை எடுத்துக்கொண்டாள். தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கூடமும், மரத்தடிகளில் கூடாரங்களுமாக முகாம் நின்றது. முதலில் சேலத்துப் பிள்ளைகள்தான் வந்தார்கள். பிறகு நாமக்கல்லிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்தார்கள். செம்மநத்தம், மாரமங்கலம் பிள்ளைகளும் கலந்துகொண்டார்கள். கீழே இருந்து வந்தவர்கள் நீச்சல் தெரியும் என்று பெருமை அடித்தால், மேலே இருப்பவர்கள் மரம் ஏறிக் காட்டுவார்கள்.

புவனா கத்த மாட்டாள். விசிலும் அதிகம் ஊத மாட்டாள். பிள்ளைகளுக்கு அவளிடம் பிடித்தது வேறு ஒன்று. எதைக் கேட்டாலும் ஆகும் அல்லது ஆகாது என்று உடனே சொல்லிவிடுவாள். "அப்புறம் பாக்கலாம்" என்ற பேச்சே அவளிடம் கிடையாது. பெரியவர்கள் அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது எட்டு வயதுக்கே தெரிந்துவிடுகிறது அல்லவா?

அந்த வருடம் முகாமின் கடைசி நாட்களில் ஒரு ராத்திரி நல்ல மழை. மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தபோது வேடியப்பன் சரிவில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் வரப்போரம் வரிசையாக உட்கார்ந்து பார்த்தார்கள். புவனா வைத்திருந்த கயிறு இழுக்கும் போட்டிக்கு ஒருவரும் அசையவில்லை.

வேடியப்பன் மாட்டை நிறுத்திவிட்டு, "ஏங்கண்ணு, வெதைக்கிறீங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். எல்லாரும் உழவில் இறங்கிவிட்டார்கள். சரிவின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். சாமை விதை கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிது. கைக்கு அடங்காமல் விரல் சந்தில் ஒழுகும். சென்னையிலிருந்து வந்திருந்த ஜாபெஸ் பாதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிட்டான். ஒருத்தி ஒரே இடத்தில் கொட்டிவிட்டு நகர்ந்தாள். வேடியப்பன் சிரித்துக்கொண்டே மண்ணை மூடினார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்திருந்த ரம்யா மட்டும் நகரவில்லை. வெள்ளிக்கொலுசு பட்டறை வைத்திருக்கும் சந்திரசேகரின் ஒரே மகள். அதிகம் பேசாத பிள்ளை. பேசினால் கேள்விதான்.

"அக்கா, இது எப்ப வெளையும்?"

"தீபாவளி தாண்டி. இந்தச் சாமை மெதுவாத்தான் வெளையும் கண்ணு."

"அப்ப நாங்க இருக்க மாட்டோமே. யார் சாப்பிடுவாங்க?"

புவனா ஒரு கணம் நிலத்தைப் பார்த்தாள். "நீங்கதான். அறுக்கறப்ப உங்க எல்லாத்தையும் கூப்பிடறேன். நீங்களே அறுத்து, நீங்களே சாப்பிடுங்க."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான்."

கூடத்துக்குத் திரும்பும்போது கோபி கேட்டான். "தீபாவளிக்கு அப்புறம் இதுங்களை எப்படிக் கூட்டிட்டு வருவ? அடைமழைக் காலம் அது."

"தெரியலை," என்றாள் புவனா. "ஆனா சொல்லிட்டேன்."

மே முடிந்தது. கூடாரங்களைக் காயவைத்து மடித்து மேலே ஏற்றினார்கள். வழக்கமாக அதோடு சமதரையில் புல் மண்டிவிடும். புவனா அடுத்த வருடம் வரை ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பகுதி நேரமாக விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். அந்த வருடமும் அப்படித்தான் ஆகியிருக்கும், ஜூனில் ஒரு சாயங்காலம் போன் அடிக்காமல் இருந்திருந்தால்.

"அக்கா, நான் ரம்யா. முளைச்சிருச்சா?"

முளைத்திருக்கும் என்று சொல்லி வைத்திருக்கலாம். புவனா அப்படிச் சொல்லவில்லை. "நான் இன்னும் பாக்கலை கண்ணு. நாளைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் சாரலில் வாழவந்திக்குப் போய்ப் பார்த்தாள். பிள்ளைகள் விதைத்த துண்டு வினோதமாக இருந்தது. சில இடங்களில் தலைமுடி போல நெருக்கமாக முளைத்திருந்தது. சில இடங்களில் வெறும் மண். ஓரமாக, சட்டைப் பையிலிருந்து உதிர்ந்திருக்க வேண்டும், பாறை இடுக்கில்கூட ஒரு கொத்துச் சாமை பச்சை விட்டிருந்தது. நடுநடுவே களை. அவள் போட்டோ எடுத்து அனுப்பினாள். பிறகு குடையை மரத்தில் சாத்திவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து களை பிடுங்கத் தொடங்கினாள்.

அருக்காணி மேலிருந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். "ஏம்புவனா, இத்தன மழையில யாருக்காகக் கெடந்து இந்தப் பாடு படற? அந்தப் புள்ளைங்க அடுத்த வருசத்துக்குள்ள மறந்துரும்."

"மறந்தாப் பரவால்லைங்கக்கா. மறக்காம இருந்தா என்ன பண்றது?"

அருக்காணி பக்கத்தில் உட்கார்ந்து, நெருக்கமாக முளைத்ததைப் பிடுங்கி வெற்றிடத்தில் ஊன்ற ஆரம்பித்தாள்.

ரம்யா மறக்கவில்லை. அவள் கேட்பதைப் பார்த்து மற்றவர்களுக்கும் ஞாபகம் வந்தது. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் முகாம் முடிந்ததும் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர எதுவும் வராது. இப்போது அங்கே சாமை வளர்ந்தது. முழங்கால் உயரம் வந்ததும் புவனா தன் காலோடு நிறுத்திப் படம் எடுத்துப் போட்டாள். ஜாபெஸ் மழைச் சத்தம் வேண்டும் என்று கேட்டான். கூடத்துத் தகரத்தின் கீழே நின்று பதிவு செய்து அனுப்பினாள். அவன் அம்மா தனியாக எழுதினாள்: அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டேதான் தினமும் தூங்குகிறான் என்று.

ஆடி, ஆவணி மாதங்களில் மலை முழுக்க மேகத்துக்குள் இருந்தது. பள்ளி விட்டதும் புவனா பஸ் பிடித்து வாழவந்திக்கு வந்து, பயிரைப் பார்த்துவிட்டு, கடைசிப் பஸ்ஸில் திரும்புவாள். அட்டை ஏறிய கணுக்காலில் உப்பு தடவிக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்த்துக் கண்டக்டருக்குப் பழகிவிட்டது. "சாமைக்கு எப்படிங்க இருக்குது?" என்று கேட்பார், வீட்டில் யாருக்கோ காய்ச்சல் போல.

காலாண்டு லீவில் பிள்ளைகளை ஒரு நாள் அழைத்து வந்து காட்டலாம் என்று பெற்றோர்களைக் கேட்டாள். உள்ளூர்ப் பிள்ளைகள் வந்தார்கள். கீழே இருந்து ஒன்றிரண்டு பேர்தான். மழை, சளி, மலைப்பாதை என்று ஆளுக்கொரு காரணம். ரம்யாவின் அப்பா சந்திரசேகர், "மே மாசம் பாத்துக்கலாங்க மேடம்" என்று போனை வைத்துவிட்டார்.

கதிர் விட்டுத் தலை சாய்க்கிற நேரத்தில் காட்டெருமைகள் வந்தன.

காலையில் வேடியப்பன்தான் கூப்பிட்டுச் சொன்னார். புவனா போனபோது சரிவு முழுக்கக் குளம்புத் தடம். வேடியப்பனின் பயிரிலும் சேதம்தான். ஆனால் பிள்ளைகளின் துண்டு காட்டை ஒட்டி இருந்ததால் பாதிக்குமேல் போயிருந்தது. தின்றது கொஞ்சம், மிதித்தது மிச்சம். அருக்காணி பிடுங்கி ஊன்றிய நாற்றெல்லாம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தது.

 சாய்ந்த சாமைத் தட்டைகளை அவள் ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். சில நின்றன, சில நிற்கவில்லை.

"என்னோடதுல இருந்து ஒரு பங்கு குடுத்துர்றேன் அம்மிணி," என்றார் வேடியப்பன். "புள்ளைங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேண்ணா."

வேடியப்பனுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. "அப்பிடி என்ன கொம்பு மொளச்ச சாமை அது? சாமைன்னா சாமைதான்!" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் முள்ளுக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே வந்தார். கோபி பழைய சேலைகளைக் கிழித்துக் கொடுக்க, மூவருமாக மிச்சத்தைச் சுற்றி வேலி போட்டார்கள்.

புவனா குழுவில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். குளம்புத் தடத்தையும் படம் எடுத்துப் போட்டாள். பாதிக்குமேல் போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றாள். சில பிள்ளைகள் அழுததாகப் பெற்றோர்கள் எழுதினார்கள். ஓர் அம்மா, இதையெல்லாம் குழந்தைகளிடம் சொல்ல வேண்டுமா என்று கோபித்துக்கொண்டாள். ஜாபெஸ் மட்டும் குரல் அனுப்பினான்: "அக்கா, காட்டெருமைக்குப் புடிச்சிருந்துச்சா?"

அன்று முழுக்க இறுகியிருந்த புவனா அதைக் கேட்டதும் சிரித்துவிட்டாள். பதிலும் அனுப்பினாள். "நொம்பப் புடிச்சிருந்துச்சு சாமி. வழிச்சுத் தின்னுருக்குது."

தீபாவளி கழிந்தது. பெற்றோர்களிடம் மெல்லப் பேசி, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாள். இந்த முறை பலர் சரி என்றார்கள். சாமை பழுத்து வைக்கோல் நிறமாகிவிட்டிருந்தது. அந்த வாரம் பிடித்த மழை நான்கு பக்கமும் அடைத்துக்கொண்டு பெய்தது. ஏற்காட்டுக்கு ஏறுகிற பெரிய மலைப்பாதையில் ஒரு வளைவில் மண் சரிந்து பாறை உருண்டது. வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். குப்பனூர் வழியாகச் சுற்றி வருகிற சின்னப் பாதை மட்டும் திறந்திருந்தது. தொலைக்காட்சியில் சரிவைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். குழுவில் ஒவ்வொருவராக, வர முடியாது என்று மன்னிப்புக் கேட்டார்கள்.

மழை ஒருநாள் ஓய்ந்தது. வேடியப்பன் வானத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கே அறுத்துறணும்," என்றார். "இதுக்கு மேல உட்டா மணியெல்லாம் உதிந்துரும். ஈரத்துல மொளச்சுக்கும். புள்ளைங்க பங்கையும் சேத்தே அறுத்துர்றேன்."

"உங்களோடத அறுங்கண்ணா. அதை மட்டும் ஞாயித்துக்கெழம வரைக்கும் உடுங்க."

"யாருமே வரலைன்னா?"

"வரலைன்னா நான் அறுக்கறேன்."

அன்றைக்கே கோபியின் வேனில் ஏறிக் குப்பனூர் பாதையில் சேலம் இறங்கினாள். யாரையும் வற்புறுத்தப் போகவில்லை. வர முடியாது என்றால் அதைப் பிள்ளைகளிடம் தானே நேரில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனாள். பள்ளி விடும் நேரமாகப் பார்த்து வீடு வீடாக ஏறி இறங்கினாள். சேலம் குகைப் பகுதியில் ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே பேசி அனுப்பினார்கள். செவ்வாய்ப்பேட்டைக்குப் போகும்போது பொழுது சாய்ந்திருந்தது.

சந்திரசேகரின் பட்டறை வீட்டின் முன்பகுதியிலேயே இருந்தது. கொலுசுக்கு முத்து வைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். செருப்பில் சேறு அப்பியிருக்க, வாசலிலேயே நின்ற புவனாவைச் சந்திரசேகர் உள்ளே வரச் சொன்னார்.

"இந்த மழையில கீழ எறங்கி வந்தீங்களா மேடம்? எதுக்குங்க?"

"ரம்யாகிட்டப் பேசணுங்க."

"சாமை விசயந்தானே? அது ஏதோ வெளையாட்டுக்குச் சொன்னது. அதுக்குப் போயி இத்தன தூரம்... நானே எதாவது சமாதானம் சொல்லிக்கறேன், உடுங்க."

"நான் வெளையாட்டுக்குச் சொல்லலைங்க," என்றாள் புவனா. குரலில் கோபம் இல்லை. "நாந்தான சொன்னேன். முடியலைங்கறதையும் நானே சொல்லிர்றேன். இல்லைன்னா அந்தப் புள்ள, பெரியவங்க சொன்னா இப்படித்தான்னு நெனச்சுக்கும்."

சந்திரசேகர் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார்.

ரம்யா சீருடையோடு ஓடி வந்தாள். புவனாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தவள், அவள் முகத்தில் இருந்ததைக் கண்டு அப்படியே நின்றாள். புவனா அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தாள்.

"ரம்யா, அறுக்கறப்ப கூப்பிடறேன்னு சொன்னேன்ல? கூப்பிடற நேரம் வந்துருச்சு. ஆனா ரோடு சரிஞ்சு கெடக்குது. மழையும் முழுசா நிக்கலை. உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போறதுக்கு வீட்டுல பயப்படறாங்க. அவங்க பயப்படறது நியாயந்தான்."

"மழை நின்னதும் வரலாமா?"

"அது வரைக்கும் சாமை நிக்காது கண்ணு. மணி உதிந்துரும்."

ரம்யா கொஞ்சம் யோசித்தாள். அவள் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை.

"அப்ப நீங்களே அறுத்துருங்க அக்கா," என்றாள். "கஷ்டப்பட்டு வளத்தீங்கள்ல. வீணாப் போகக் கூடாது."

மழையிலும் அட்டையிலும் காட்டெருமையிலும் கலங்காத புவனா, ஒரு சின்னப் பெண் தனக்காக விட்டுக்கொடுத்துப் பேசியதில் கலங்கிப்போனாள். "சரி கண்ணு," என்று அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள்.

வாசல் தாண்டிச் செருப்பைப் போடும்போது சந்திரசேகர் பின்னாலேயே வந்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தக் குப்பனூர் ரோடு எப்படிங்க இருக்குது?"

"இன்னிக்கு அதுலதாங்க வந்தேன். பரவால்ல. வளைவு நெறைய. மெதுவாத்தான் போகணும்."

"வேன் ஓட்டறது உங்க ஊட்டுக்காரர்ங்களா?"

கோபி வேன் ஜன்னலிலிருந்து தலையாட்டினான்.

"ஞாயித்துக்கெழம மழை இல்லாம இருந்தா நானும் கூட வர்றேன்," என்றார் சந்திரசேகர். "எனக்குத் தெரிஞ்ச ரெண்டு மூணு பேர்கிட்டயும் சொல்றேன். சும்மா இருந்தா இந்தப் புள்ள முகத்தை நாளைக்கு எப்படிப் பாக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது, ஆனால் பெய்யவில்லை. கோபி விடிந்ததும் ஒரு முறை பாதையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளை ஏற்றினான். எல்லாரும் வரவில்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு அது முடியவே முடியாது. ஆனாலும் வேன் நிறைந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள், அதில் ஒருவர் சந்திரசேகர். வாழவந்தியில் உள்ளூர்ப் பிள்ளைகள் பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து காத்திருந்தார்கள்.

சேலை வேலிக்குள் சாமை நின்றது. கொஞ்சம்தான். ஆனால் நின்றது. ரம்யா வேலியைத் தாண்டியதும் ஓடவில்லை. மெல்ல நடந்து போய் ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தாள். மணிகள் பழுத்துக் கனத்திருந்தன.

புவனா முதலிலேயே சொல்லிவிட்டாள். "அரிவாள் பெரியவங்க கையில மட்டுந்தான். அறுத்துப் போடறதை நீங்க அள்ளிக் கட்டுங்க."

வேடியப்பனும் அருக்காணியும் புவனாவும் அறுத்தார்கள். சந்திரசேகருக்கும் ஓர் அரிவாள் கொடுத்தார்கள். மில்லிமீட்டர் கணக்கில் வெள்ளிக் கம்பி இழுக்கிற அவர் கை, சாமைத் தட்டையிடம் தடுமாறியது. பிள்ளைகள் கை கொள்ளாமல் அள்ளினார்கள், கட்டினார்கள், கட்டு அவிழ்ந்து மறுபடி கட்டினார்கள். பாதி வேலையில் மேகம் இறங்கி எதிரில் இருப்பவர் முகம் தெரியாமல் போனது. புவனா அறுப்பதை நிறுத்திவிட்டு, "எல்லாரும் பேர் சொல்லுங்க" என்றாள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு பெயராக வந்தது. எல்லாப் பெயரும் வரும்வரை அவள் அரிவாளைத் தொடவில்லை. தூறல் விழ ஆரம்பித்தபோது கடைசிக் கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லாரும் கூடத்துக்கு ஓடினார்கள்.

"இப்பவே சோறாக்கலாமா?" என்று ஒரு பையன் கேட்டான்.

அருக்காணி சிரித்தாள். "இது ஈரமா இருக்குது சாமி. காயணும். அடிக்கணும். குத்தணும். பொடைக்கணும். அப்புறந்தான் சோறு."

பிள்ளைகளின் முகம் தொங்கிப்போயிற்று. எல்லாரும் புவனாவைப் பார்த்தார்கள். புவனா கோபியைப் பார்த்தாள். அவன் கையை விரித்தான், ஆனால் சிரித்துக்கொண்டுதான்.

"அரையாண்டு லீவுக்கு வந்துருங்க," என்றாள் புவனா. "நாங்க காயவச்சு வைக்கறோம். குத்தறது உங்க வேலை."

இந்த முறை அவள் யார் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. டிசம்பரில் பெரிய பாதையும் திறந்துவிட்டது. வந்தவர்கள் வராதவர்களிடம் சொல்லி, குழுவில் தேதியைப் பெற்றோர்களே முடிவு செய்தார்கள். சென்னையிலிருந்து ஜாபெஸ் குல்லாய் போட்டுக்கொண்டு அம்மாவோடு வந்து இறங்கினான்.

மே மாதத்து மலை வேறு, அந்த மலை வேறு. மூச்சு விட்டால் புகை வந்தது. காப்பிச் செடிகளில் பழம் சிவந்து, எஸ்டேட்டுகளில் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. கூடத்துக்குள் அடுப்புக்கு மேலே இத்தனை நாளும் தொங்கிக் காய்ந்த கட்டுகளை இறக்கி, பிள்ளைகள் மிதித்து மணி பிரித்தார்கள். வெறுங்காலில் மிதிக்கக் கூச்சமாக இருக்கிறதென்று கெக்கலித்தார்கள். அருக்காணியின் உரலில் இரண்டிரண்டு பேராக உலக்கை பிடித்துக் குத்தினார்கள். குத்தினதில் பாதி வெளியே தெறித்தது. முறத்தில் புடைத்தபோது உமி பறந்து ஜாபெஸின் குல்லாயெல்லாம் வெள்ளையாகிவிட்டது. எல்லாம் முடிந்து பார்த்தால் ஒரு பானைக்கு வந்தது அரிசி.

மதியம் சாமைச் சோறும் பச்சை மொச்சைக் குழம்பும். ஆளுக்கு ஒரு கரண்டிதான். மீதிக்கு அருக்காணி வேறு சமைத்திருந்தாள். நாலைந்து பேருக்குக் கல் கடித்தது. யாரும் துப்பவில்லை. ரம்யா முதல் வாயை ரொம்ப நேரம் மென்றாள்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டார் வேடியப்பன்.

"காட்டெருமைக்குப் புடிக்கத்தான் செய்யும்," என்று அவளுக்கு முன்னால் ஜாபெஸ் பதில் சொன்னான். கூடமே சிரித்தது.

வேடியப்பன் தட்டை வைத்துவிட்டு, சந்திரசேகர் பக்கம் திரும்பினார். "நான் நெசத்தைச் சொல்றனுங்க. இது ஆகாத வேலைன்னுதான் நெனச்சேன். புள்ளைங்களுக்குச் சொன்னதுதானேன்னு அந்தப் பொண்ணுகிட்டயே சண்ட கூடப் போட்டேன். என் ஆயுசுல எத்தனையோ வெள்ளாமை பாத்துட்டேன். ஒரு பேச்சுக்காக இப்படி ஒரு வெள்ளாமைய யாரும் காத்து நான் பாத்ததில்லீங்க."

"நானும் பாத்ததில்லைங்க," என்றார் சந்திரசேகர். "எங்க பட்டறையில ஒரு வேலைய வாரக் கடைசியில தர்றேன்னு சொல்லுவோம். தர மாட்டோம். அதுக்கு ஒரு சமாதானம் வச்சிருப்போம். இப்ப வாய் தொறக்கறதுக்கு முன்னாடியே யோசனையா இருக்குது."

சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் சமதரையில் கயிறு இழுக்கப் போய்விட்டார்கள். மேலே இருப்பவர்கள் ஒரு பக்கம், கீழே இருந்து வந்தவர்கள் ஒரு பக்கம் என்று ஆரம்பித்து, ஆட்டம் பாதியிலேயே எல்லாம் கலந்துவிட்டது. பெரியவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சேலத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, அடுத்த லீவுக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்கப் புவனாவைத் தேடினாள்.

புவனா கூடத்து ஓரத்தில், முறத்தை மடியில் வைத்தபடி தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முடியில் உமி ஒட்டியிருந்தது. பிள்ளைகள் முகாமில் இருக்கும்போது அவள் பகலில் கண் மூடி அங்கே யாரும் பார்த்ததில்லை.

அருக்காணி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அந்த அம்மா அப்படியே பின்வாங்கினாள். ரம்யா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஓசைப்படாமல் போய் மற்றவர்களிடம் என்னவோ சொன்னாள். சமதரையில் கயிறு இழுக்கும் கூச்சல் மெல்ல அடங்கியது. ஆட்டம் நிற்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் இழுத்தார்கள், சத்தமில்லாமல் விழுந்தார்கள்.

கீழே இறங்க நேரமாகிவிட்டது. கோபி வேன் கதவைத் திறந்து உட்கார்ந்தான். ஹாரனில் கை வைத்தவன், கூடத்துப் பக்கம் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டான். சந்திரசேகர் முன் சீட்டில் ஏறி, "ஒண்ணும் அவசரமில்லீங்க. அவங்களா எந்திரிக்கட்டும்," என்றார்.